புது ஜூம் லென்ஸா? முதல் வாரத்தை மிஸ் பண்ணாதீங்க!

பார்ட் டைம் வேலை பார்த்து, பாக்கெட் மணியை மிச்சம் பிடிச்சு, அப்பாகிட்ட கெஞ்சிக் கூத்தாடி... ஒருவழியா ஜூம் லென்ஸ் வாங்கியாச்சு. பெட்டியைப் பிரிச்சதும் என்ன பண்ணுவீங்க? ஹாஸ்டல் பசங்களை நிக்க வெச்சு நாலு க்ளிக். கேமரா திரையில பார்த்தா, 'சூப்பர் மச்சி!' அதோட சரி. இன்டர்னல், செமஸ்டர்னு நாள் ஓடிடும்.

மூணு மாசம் கழிச்சு அக்கா கல்யாணம். குரூப் போட்டோவை கம்ப்யூட்டர்ல பெருசாக்கிப் பார்த்தா, இடது ஓரத்துல நிக்கிற தாத்தா மட்டும் மங்கல். அடுத்த படம்? அதே ஓரம், அதே மங்கல். கடைக்கு ஓடினா, "மாத்திக் கொடுக்கிற நாள் எப்பவோ முடிஞ்சுபோச்சு தம்பி, சர்வீஸ் சென்டருக்குப் போங்க"னு பதில் வரும்.

இது உங்க கதையா ஆகக்கூடாதுன்னா, கொஞ்சம் பொறுமையா படிங்க!

ஜூமுக்கு மட்டும் ஏன் இந்தத் தலைவலி?

ஜூம் லென்ஸ்ங்கிறது ஒரு கண்ணாடி இல்லை, ஒரு கூட்டுக் குடும்பம். சாதாரண கிட் லென்ஸான கேனான் 18-55 'ஐ.எஸ். 2'-லயே 11 கண்ணாடிகள், 9 குழுக்களா உட்கார்ந்திருக்கு. 2012-ல் வந்த கேனான் 24-70 மி.மீ. எஃப் 2.8 எல் இரண்டாவது பதிப்புல 18 கண்ணாடிகள், 13 குழுக்கள். ஜூம் வளையத்தைத் திருப்பும்போது, இதில் சில குழுக்கள் சாய்வான பள்ளங்களில் வழுக்கி, ஒண்ணு வேகமா, ஒண்ணு மெதுவா முன்னேயும் பின்னேயும் நகரும். அதுல ஒரு குழு மட்டும் துளி சாய்ஞ்சாலோ, மையத்தை விட்டு விலகினாலோ, படத்தோட ஒரு பக்கம் மங்கிடும். இதுக்குப் பேர்தான் 'டீசென்டரிங்'. 18-ல் பளிச்னு இருக்கிற லென்ஸ், 55-ல் சொதப்புறதும் இதனாலதான்.

ஜூம் இல்லாத 50 மி.மீ. லென்ஸ்ல இவ்வளவு நகர்ற பாகம் கிடையாது. அதனால பிரச்னையும் குறைச்சல். அமெரிக்காவில் லென்ஸ்களை வாடகைக்கு விடும் 'லென்ஸ்ரென்டல்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கிய ரோஜர் சிகாலா, ஒரே மாடலில் பல லென்ஸ்களை வெச்சுச் சோதிச்சவர். ஒரே மாடல்னாலும் ஒண்ணு போல இன்னொண்ணு இருக்காது, அதிலும் ஜூம்களில்தான் வித்தியாசம் அதிகம்னு தொடர்ந்து எழுதியவர் அவர்.

கம்பெனிகளுக்கும் இது தெரியும். 2012-ல் சிக்மா நிறுவனம், தன்னோட புதிய வரிசை லென்ஸ்களை 'ஏ1'ங்கிற சொந்தக் கருவியில ஒவ்வொண்ணா சோதிச்சு அனுப்பப்போறதா அறிவிச்சதே, இதை ஒரு விற்பனைப் பெருமையா நினைச்சுத்தான்!

விலை அதிகம்னா தப்பிச்சோமா? 2005-ல் வந்த கேனான் 24-105 மி.மீ. எஃப் 4 எல், சிவப்பு வளையம் போட்ட உயர்ரக ஜூம். ஆனா முதல்ல வந்த லென்ஸ்களில், அகலக் கோணத்துல, பளீர் வெளிச்சம் இருக்கிற காட்சிகளில் தேவையில்லாத ஒளிக்கீற்று விழுந்துச்சு. கேனானே ஒத்துக்கிட்டு, பாதிக்கப்பட்ட லென்ஸ்களை இலவசமா சரிபண்ணிக் கொடுத்துச்சு. ஸோ, உங்க லென்ஸ் மாடலுக்கு இப்படி ஏதாவது சேவை அறிவிப்பு இருக்கான்னு கம்பெனி தளத்துல ஒரு தடவை பாருங்க. சீரியல் எண்ணை வெச்சே உங்க லென்ஸ் அதில் வருதான்னு கண்டுபிடிச்சிடலாம்.

அரை மணி நேர டெஸ்ட்

பெரிய லேப் எல்லாம் வேண்டாம். ட்ரைபாடும் ஒரு செங்கல் சுவரும் போதும். பூசாத சுவரா இருக்கட்டும்.

* கேமராவைச் சுவருக்கு நேரா, சாயாம நிறுத்துங்க. ட்ரைபாடுல இருக்கும்போது, லென்ஸ்ல இருக்கிற அதிர்வுத் தடுப்பை ஆஃப் பண்ணுங்க. 2 விநாடி டைமர் வைங்க.

* ஜூமை மூணு இடத்துல நிறுத்துங்க. 18-55 லென்ஸ்னா 18, 35, 55. ஒவ்வொரு இடத்துலயும் அப்பர்ச்சரை முழுசா திறந்து ஒண்ணு, எஃப் 8-ல் ஒண்ணு எடுங்க.

* கம்ப்யூட்டர்ல முழு அளவுல திறந்து, நாலு மூலையையும் பாருங்க. நாலுமே ஒரே மாதிரி கொஞ்சம் மங்கலா இருந்தா, டென்ஷன் ஆகாதீங்க. அது அந்த லென்ஸோட டிசைன். ஒரே ஒரு மூலையோ, ஒரே ஒரு பக்கமோ மட்டும் மோசமா இருந்தா உஷார்!

* உடனே லென்ஸ் மேல பழி போடாதீங்க. கேமராவைத் தலைகீழா திருப்பி, அதே சுவரை மறுபடி எடுங்க. படத்துல மங்கல் அதே மூலையில இருந்தா, குற்றவாளி லென்ஸ். மங்கல் எதிர்மூலைக்கு மாறிட்டா, குற்றவாளி நீங்கதான். கேமரா சுவருக்கு நேரா நிக்கலை!

இதோட, ஜூம் வளையம் எங்கேயாவது சிக்குதா, ஃபோகஸ் ஆகும்போது கரகரன்னு சத்தம் வருதான்னும் பாருங்க. உள்ளே ஒண்ணு ரெண்டு தூசி தெரிஞ்சா கவலை வேண்டாம். படத்துல அது தெரியாது.

மங்கல் எல்லாம் லென்ஸ் குற்றம் இல்லை

பழைய டி.எஸ்.எல்.ஆர். வாங்கினவங்க இதைக் கவனிங்க. அதுல ஃபோகஸ் பார்க்கிற சென்சார் தனி, படம் பிடிக்கிற சென்சார் தனி. ரெண்டுக்கும் ஒத்துப்போகலைன்னா, கண்ணுக்கு வெச்ச ஃபோகஸ் காதுல விழும். லைவ் வியூ போட்டு அதே படத்தை எடுத்துப் பாருங்க. அப்போ பளிச்னு வந்தா, லென்ஸ் கண்ணாடியில கோளாறு இல்லை. 2007-ல் வந்த நிக்கான் டி300, 2008-ல் வந்த கேனான் 50டி மாதிரி கேமராக்களில், இதை நாமே சரிபண்ணிக்க மெனுவிலேயே வசதி உண்டு. மிரர்லெஸ் கேமரா படம் பிடிக்கிற சென்சார்லயே ஃபோகஸ் பார்க்கிறதால, அங்கே இந்தத் தொல்லை கிடையாது.

கை நடுங்கி எடுத்துட்டு லென்ஸைத் திட்டுறதும் நடக்குது பாஸ்! சரியான லென்ஸைத் திரும்பத் திரும்ப மாத்தினாலும் அதைவிட நல்லது கிடைக்கும்னு கேரன்டி இல்லை.

கோளாறு உறுதியா? அடுத்து என்ன?

முதல்ல கடை. மாத்திக் கொடுக்கிற கெடு எத்தனை நாள்னு வாங்கும்போதே கேளுங்க. அதுக்குள்ள போனா புது லென்ஸ். கெடு தாண்டிட்டா ரிப்பேர்தான். முதல் வாரம்னு நாம கத்துறது இதுக்குத்தான்.

அடுத்தது வாரன்டி. பில், வாரன்டி கார்டு, லென்ஸ் மேல இருக்கிற சீரியல் எண், மூணும் ஒத்துப்போகணும். விலை கம்மின்னு பில் இல்லாம வாங்கினாலோ, சிங்கப்பூர் சித்தப்பா கொண்டுவந்து கொடுத்தாலோ, அந்த வாரன்டி இந்தியாவில் செல்லுமான்னு முன்னாடியே விசாரிங்க. கீழே போட்டது, தண்ணி புகுந்தது, ஃபங்கஸ் பிடிச்சது இதெல்லாம் பொதுவா வாரன்டியில வராது. நம்ம ஊர் ஈரக்காத்துக்கு, சிலிகா ஜெல் போட்ட காத்துப் புகாத டப்பாதான் லென்ஸுக்கு நல்ல வீடு.

சர்வீஸ் சென்டர்ல போய் "படம் சரியா வரலை சார்"னு மட்டும் சொல்லாதீங்க. "35-ல், எஃப் 4-ல், வலது மேல்மூலை மங்கல். 18-ல் சரியா இருக்கு"னு எழுதிக் கொடுங்க. சுவர் டெஸ்ட் படங்களை பென் டிரைவ்ல கொடுங்க. ஜாப் ஷீட்ல சீரியல் எண்ணையும் கோளாறையும் எழுதச் சொல்லி, ஒரு காப்பி வாங்காம வெளியே வராதீங்க. மூடி, ஃபில்டர் எல்லாத்தையும் கழட்டி வீட்லயே வெச்சுட்டுப் போங்க.

நிறைய பேர் மாட்டுற இடம் இனிமேதான். "எல்லாம் கம்பெனி அளவுக்குள்ளதான் இருக்கு"னு லென்ஸ் அப்படியே திரும்பி வரலாம். சண்டை வேண்டாம். அந்தப் பதிலை எழுத்துல கேளுங்க. அவங்க முன்னாடியே நாலு மூலையையும் திறந்து காட்டி, "ஒரு மூலை மட்டும் ஏன் சார் இப்படி?"னு கேளுங்க. மேலதிகாரிக்கு மெயில் போடுங்க. ரிப்பேர் ஆகி வந்தாலும், அன்னைக்கே அதே சுவர், அதே டெஸ்ட். ஒரு பக்கம் சரியாகி, இன்னொரு பக்கம் கெட்டு வந்தா உடனே தெரிஞ்சிடும்.

எதுவும் மசியலையா? 1915-க்கு போன் போடுங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் அது. அதுக்கும் மேல மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. 2019-ம் வருஷச் சட்டப்படி, கடை எந்த ஊர்ல இருந்தாலும் நீங்க குடியிருக்கிற ஊர்லயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரைன்னா கட்டணம் கிடையாது. பிரச்னை ஆரம்பிச்ச நாள்லேருந்து 2 வருஷத்துக்குள்ள போகணும், அவ்வளவுதான்.

கடைசியா ஒண்ணு. கடையில கொடுக்கிற பில் வழவழப்பான தாளா இருக்கா? கொஞ்ச மாசத்துல எழுத்து மறைஞ்சு வெள்ளைத் தாளாயிடும். அப்புறம் வாரன்டியாவது, ஆணையமாவது! அதனால ஃப்ரெண்ட்ஸ், புது லென்ஸ்ல எடுக்கிற முதல் படம் மச்சியோட மூஞ்சியா இருக்க வேண்டாம். பில்லா இருக்கட்டும்!