இலை போடுபவரும் பந்தி விசாரிப்பவரும்

பெங்களூரு நகரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைகள் மேற்கொள்ளும் புதுத் தொழில்களின் பெயர்கள் பெற்றோருக்கு எளிதில் விளங்குவதில்லை. மருத்துவர் என்றால் தெரியும். பொறியாளர் என்றால் தெரியும். ஆனால், 'வெப் டிசைனர்' என்று ஒரு வீட்டு மகன் சொல்கிறான், 'யு.எக்ஸ். டிசைனர்' என்று அடுத்த வீட்டு மகள் சொல்கிறாள். இருவரும் கணிப்பொறித் திரையின் முன் அமர்ந்து கட்டங்களையும் எழுத்துகளையும் அமைப்பதையே நாம் காண்கிறோம். இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கத் தோன்றுகிறது.

ஒன்றல்ல. அவ்விரண்டின் வேறுபாட்டை அறிவது அத்தொழிலில் புகுவோர்க்கு மட்டும் உரிய செய்தியும் அன்று. ஊருக்குப் போகப் பஸ் டிக்கெட் எடுக்கும் நம் ஒவ்வொருவருக்கும் அது பயன் தருவது. ஏன் என்பதை ஆராய்வோம்.

நம் வீட்டுத் திருமண விருந்தை எண்ணிப் பாருங்கள். இலையைப் போட்டு, உப்பும் ஊறுகாயும் எங்கே, கறிவகைகள் எங்கே, சோறு எங்கே என்று இடமறிந்து அமைக்க ஒருவர் வேண்டும். இலை மாறிக் கிடந்தாலோ, பாயசம் ரசத்தோடு கலந்தாலோ விருந்தின் அழகு கெடும். ஆனால் விருந்துக்கு இன்னொருவரும் வேண்டும். அவர் பந்தி விசாரிப்பவர். வாசலில் வந்து நிற்கும் முதியவருக்கு இடம் கிடைத்ததா, குழந்தைக்குக் காரம் இல்லாத பண்டம் பரிமாறப்பட்டதா, கடைசி இலைக்குத் தண்ணீர் வந்ததா, கை கழுவும் இடம் எங்கே என்று தெரியாமல் எவரேனும் திகைக்கிறார்களா என்றெல்லாம் அவர் கண் சுழன்றுகொண்டே இருக்கும். முன்னவர் இலைக்குப் பொறுப்பு. பின்னவர் உண்ண வந்தவருக்குப் பொறுப்பு. சமையற்காரரை இங்கே மென்பொருள் எழுதும் பொறியாளராகக் கொள்ளலாம்.

வலைப்பக்க வடிவமைப்பாளர், அதாவது வெப் டிசைனர், இலை போடுபவர். பயனர் அனுபவ வடிவமைப்பாளர், அதாவது யு.எக்ஸ். டிசைனர், பந்தி விசாரிப்பவர். இவ்வுவமையை மனத்தில் கொண்டு, இருவர் பணியையும் தனித்தனியே காண்போம்.

முதலில் வலைப்பக்க வடிவமைப்பாளரின் பணி. ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் அறிஞர் 1991-ஆம் ஆண்டு உலகுக்குத் திறந்து வைத்த முதல் வலைத்தளத்தில் வெறும் எழுத்துகளே இருந்தன. நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15-ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. கடைகளும் கல்லூரிகளும் அலுவலகங்களும் தமக்கென வலைத்தளங்களை நாடத் தொடங்கியபோது, பக்கத்தை அழகும் ஒழுங்கும் உடையதாக அமைப்பது ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது.

எழுத்தின் அளவு, வண்ணப் பொருத்தம், படங்களின் இடம், வெற்றிடத்தின் அளவு, பெரிய திரையிலும் கைப்பேசியின் சிறு திரையிலும் பக்கம் குலையாமல் நிற்பது ஆகியன இவருடைய கவலைகள். எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். என்னும் கணிப்பொறிக் குறிமொழிகளையும் அறிந்து, தாம் வரைந்ததைத் தாமே பக்கமாக ஆக்குபவர் பலர். இதனை எளிய வேலை என்று எண்ணலாகாது. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்தில் 'பே' என்று முடியும் சொல், தமிழில் 'பணம் செலுத்துக' என்று நீள்கிறது. ஆங்கிலச் சொல்லுக்காக அளந்து வைத்த பொத்தானில் தமிழ்ச் சொல் அடங்குவதில்லை. 'கீ', 'கூ' போன்ற எழுத்துகள் மேலும் கீழும் விரிவதால், வரிகளுக்கு இடையே போதிய இடம் விடாவிட்டால் ஒன்றன்மேல் ஒன்று இடிக்கும். இத்தகைய நுட்பங்களை அறிந்து பக்கத்தைப் படிக்கத் தக்கதாக்குவது வலைப்பக்க வடிவமைப்பாளரின் திறமையேயாகும்.

இனி மற்றவர் பணி. 1993-ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்த டொனால்டு நார்மன் என்னும் உளவியல் அறிஞரே 'பயனர் அனுபவம்' என்னும் பெயரை ஒரு பதவியின் பெயராக வழங்கச் செய்தவர். திரையில் தோன்றுவது மட்டுமன்றி, ஒரு பொருளோடு மனிதனுக்கு ஏற்படும் தொடர்பு முழுவதையும் அச்சொல்லால் அவர் குறித்தார்.

பெயர் புதிதேயாயினும் எண்ணம் நமக்குப் புதிதன்று. 1958-இல் இந்திய அரசின் அழைப்பின்பேரில் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர் நம் நாட்டைச் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை அளித்தனர். நம் வீடுகளில் உள்ள 'லோட்டா' என்னும் செம்பை அவர்கள் வியந்து போற்றினர். அது எவ்வளவு தண்ணீர் கொள்ளும், தலையிலோ இடுப்பிலோ எப்படிச் சுமக்கப்படும், எப்படி ஊற்றும், எப்படிக் கழுவப்படும், என்ன விலையாகும் என்று பயன்படுத்துவோரின் பக்கத்திலிருந்து கேள்விகளை அடுக்கினர். அவ்வறிக்கையின் விளைவாக 1961-இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. அதன் வளாகம் ஒன்று இன்று பெங்களூரிலும் உள்ளது. செம்பைப் பற்றிக் கேட்ட அதே கேள்விகளைக் கைப்பேசித் திரையைப் பற்றிக் கேட்பவரே பயனர் அனுபவ வடிவமைப்பாளர்.

பெங்களூரிலேயே தோன்றிய ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். 2005-ஆம் ஆண்டுத் தீபாவளியின்போது, இந்நகரில் பணியாற்றிய பணீந்திர சாமா என்னும் பொறியாளர் ஹைதராபாத்தில் உள்ள தம் வீட்டுக்குச் செல்ல முயன்றார். ஏஜெண்டுகளிடம் அலைந்தும் பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. பண்டிகைக் காலத்தில் ஊருக்குப் போக இடமின்றித் தவித்த அனுபவம் நம்மில் எவருக்குத்தான் இல்லை? அவரோ இக்குறையின் காரணத்தை ஆராய்ந்தார். எந்த பஸ்ஸில் எத்தனை இடம் காலியாக உள்ளது என்பதை ஒருங்கே அறிந்தவர் எவரும் இல்லை. ஒவ்வோர் ஏஜெண்டும் தமக்குத் தெரிந்த சில பஸ்களைப் பற்றி மட்டுமே சொல்ல முடிந்தது. அவரும் நண்பர்கள் இருவரும் சேர்ந்து 2006-இல் தொடங்கியதே ரெட்பஸ் நிறுவனம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்ணைக் கவரும் பக்கம் ஒன்றை மட்டும் அமைத்திருந்தால், இடம் இல்லை என்ற பழைய செய்தியையே அது அழகாகச் சொல்லியிருக்கும். பஸ் முதலாளிகளை இணங்கச் செய்து, அவர்களிடமுள்ள காலியிடக் கணக்கைப் பயணியின் கண்முன் கொணர்ந்த பிறகே பக்கத்துக்குப் பயன் உண்டாயிற்று. மனிதனின் இடர் எங்கே பிறக்கிறதோ அங்கே சென்று தேடுவதுதான் அனுபவ வடிவமைப்பின் முதற்பாடம்.

இனி, பொதுவாக ஒரு டிக்கெட் விற்கும் தளத்தை எடுத்துக்கொள்வோம். ஓசூர் சாலையில் கட்டட வேலை செய்யும் சேலத்துக்காரர் ஒருவர், தம் தாயாருடன் ஊருக்குச் செல்ல டிக்கெட் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேதிக் கட்டம் தெளிவாக இருக்கிறதா, காலி இடமும் நிரம்பிய இடமும் வண்ணத்தால் வேறுபடுகின்றனவா, எழுத்து வெயிலிலும் படிக்கக் கூடியதா என்பவை வலைப்பக்க வடிவமைப்பாளர் கேட்கும் கேள்விகள்.

அனுபவ வடிவமைப்பாளரின் கேள்விகள் வேறு. முதிய தாயாரால் மேல் படுக்கையில் ஏற முடியாது என்பதை இத்தளம் எப்போது நினைவூட்டுகிறது, பணம் கட்டுவதற்கு முன்பா, பின்பா? மடிவாளாவில் இரவு பத்தரை மணிக்கு மூட்டை முடிச்சுகளுடன் நிற்பவருக்கு எது தேவை? பஸ்ஸின் எண்ணும், நிற்கும் சரியான இடமும், ஓட்டுநரின் தொலைபேசி எண்ணும் அல்லவா? வங்கிக் கணக்கில் பணம் கழிந்தும் டிக்கெட் வரவில்லையென்றால், அந்த நொடியில் அவர் மறுபடியும் பணம் கட்ட வேண்டுமா, காத்திருக்க வேண்டுமா? ஒரு நாள் கூலியை இருமுறை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் இருப்பவருக்கு, 'பிழை நேர்ந்தது' என்ற இரு சொல் போதாது. பணம் எங்கே இருக்கிறது, எப்போது திரும்ப வரும், யாரைக் கேட்கலாம் என்று சொல்ல வேண்டும். அச்சொற்களை எழுதி வைப்பதும் அனுபவ வடிவமைப்பின் ஒரு பகுதியே.

இவற்றையெல்லாம் அவர் எவ்வாறு அறிகிறார்? நேரில் கண்டு அறிகிறார். பயன்படுத்துவோர் சிலரை அழைத்து, மாதிரித் தளத்தைக் கையில் கொடுத்து, உதவி செய்யாமல் அருகிலிருந்து பார்ப்பார். எந்த இடத்தில் விரல் தயங்குகிறது, எந்தச் சொல்லைக் கண்டு நெற்றி சுருங்குகிறது என்று குறித்துக்கொள்வார். ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று யாக்கோப் நீல்சன் என்னும் அறிஞர் 2000-ஆம் ஆண்டு எழுதினார். ஆனால் அந்த ஐவர் யார் என்பதே முக்கியம். அலுவலகத்தில் அடுத்த மேசையில் இருக்கும் ஐந்து பொறியாளரைச் சோதித்தால், சேலத்துக்காரரின் இடர் ஒருநாளும் தெரியவராது.

சில வேளைகளில் பக்கம் வேண்டுமா வேண்டாவா என்பதே கேள்வியாகும். பெங்களூரைச் சேர்ந்த மிந்த்ரா என்னும் ஆடை விற்பனை நிறுவனம், 2015 மே மாதம் தன் வலைத்தளத்தை மூடிவிட்டுக் கைப்பேசிச் செயலி வழியாக மட்டுமே விற்பது என்று முடிவு செய்தது. 2016 ஜூன் மாதம் கணிப்பொறிக்கான தளத்தை மீண்டும் திறந்தது. மூடப்பட்ட பக்கம் அழகற்றது என்பதன்று செய்தி. பெரிய திரையில் பார்த்து வாங்க விரும்புவோரும் இருந்தனர் என்பதே. பக்கமே இல்லாத இடத்திலும் அனுபவ வடிவமைப்பு உண்டு. பணம் வந்து சேர்ந்ததைக் குரலால் அறிவிக்கும் சிறு பெட்டியைக் கடைதோறும் காண்கிறோம். இரு கையும் வேலையில் இருக்கும் காய்கறிக்காரர், திரையைப் பாராமலே தம் காசு வந்ததை அறிகிறார். அங்கே வடிவம் கண்ணுக்கன்று, காதுக்கு.

இத்தொழிலின் பொறுப்பு எத்தகையது என்பதை நம் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று உணர்த்துகிறது. வங்கியிலும் பிறவிடங்களிலும் ஆளை அடையாளம் காணும் இணையவழிச் சோதனையில், திரையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டும்படி கேட்பதுண்டு. அமில வீச்சுக்கு ஆளாகிக் கண்ணும் முகமும் சிதைந்தவர்களும், பார்வையற்றோரும் அதனை எவ்வாறு செய்வர்? அவர்கள் தொடுத்த வழக்குகளில் 2025 ஏப்ரல் 30-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. டிஜிட்டல் சேவைகளை அடையும் உரிமை, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு அளிக்கும் வாழ்வுரிமையைச் சார்ந்தது என்று கூறிய நீதிமன்றம், 20 கட்டளைகளையும் பிறப்பித்தது. கண் சிமிட்டும் அந்தச் சோதனைப் பக்கம் பார்க்க நேர்த்தியாகவே இருந்திருக்கலாம். வாசலில் நின்றவர் உள்ளே வர முடியவில்லை என்பதை விசாரிப்பார் இல்லாமற் போனதே குறை.

மனிதனின் தயக்கத்தை அறியும் இதே கலையைக் கொண்டு அவனை ஏமாற்றவும் கூடும். கேளாத பொருளைக் கணக்கில் சேர்ப்பது, இறுதிப் பக்கத்தில் புதுக் கட்டணத்தைக் காட்டுவது, சந்தாவில் சேர ஒரு பொத்தானும் விலகப் பல பக்கங்களும் வைப்பது முதலியன 'டார்க் பேட்டர்ன்' எனப்படும் வஞ்சக உத்திகள். இத்தகைய 13 உத்திகளை வகைப்படுத்தித் தடை செய்யும் நெறிமுறைகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ஆம் நாள் வெளியிட்டது. ஆகவே, பந்தி விசாரிப்பவர் விருந்தினர் பக்கம் நிற்கிறாரா என்பது அவருடைய திறமையைப் போலவே அவருடைய நேர்மையையும் பொறுத்தது.

இவ்விரு தொழில்களுக்கும் இடையே மதில் எதுவும் இல்லை. சிறு நிறுவனங்களில் ஒருவரே இரண்டையும் செய்வார். பெரிய நிறுவனங்களில் தனித்தனி ஆட்கள் இருப்பர். வேலை தேடும் இளைஞர்கள் விளம்பரத்தில் உள்ள பெயரை மட்டும் நம்பாமல், செய்ய வேண்டிய பணி யாது என்று கேட்டறிதல் நன்று. கோடும் வண்ணமும் எழுத்தும் மனத்தைக் கவருமாயின் முன்னது பொருந்தும். பிறர் வேலை செய்வதைப் பொறுமையுடன் கவனிக்கவும், ஏன் என்று கேட்கவும் விருப்பமிருப்பின் பின்னது பொருந்தும். வேற்று மொழி வழங்கும் ஊரில் பெயர்ப் பலகையைப் படிக்க முடியாமல் திகைத்து நின்ற குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்கு, அறியாதவரின் இடரை உணர்வது இயல்பாகவே கைவரும். அதுவும் ஒரு முதலே.

மற்ற நமக்கெல்லாம் சொல்ல வேண்டுவது ஒன்று உண்டு. ஒரு தளத்தில் வழி தெரியாமல் நிற்கும்போது, 'எனக்குப் படிப்பு போதவில்லை' என்று நம்மை நாமே நொந்துகொள்கிறோம். இலையின் முன் அமர்ந்தும் உண்ண இயலாதவர் தம் பசியைக் குறை கூறுவாரா? எந்த இடத்தில் தடை ஏற்பட்டது என்பதை, நம் மொழியிலேயே, உரியவருக்கு எழுதித் தெரிவிப்போம். நல்ல வடிவமைப்பாளர் காத்திருப்பது அந்தச் செய்திக்காகத்தான்.