நெருஞ்சில் குடிநீர்

நம் கோவளம் கடற்கரை மணலில் வெறுங்காலுடன் நடந்தவர்களில் யாருக்குத்தான் நெருஞ்சி முள் குத்தவில்லை? பிடுங்கி எறிந்துவிடுகிறோம். சித்த வைத்தியத்திலோ அந்த முட்காயே மருந்து! உலர்ந்த காயை இடித்து, நீரிலிட்டுக் கால் பங்காக வற்றும்வரை காய்ச்சி வடிப்பதே நெருஞ்சில் குடிநீர். சிறுநீரைப் பெருக்கும் என்று, நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் வைத்தியர்கள் இதைக் கொடுப்பார்கள்.

நம் சிறுநீரகங்கள் நாள்தோறும் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஒன்றரை லிட்டரளவே சிறுநீராக வெளியேற்றுகின்றன. போதிய தண்ணீர் பருகாவிடில் சிறுநீர் அடர்த்தியாகி, உப்புகள் கல்லாகப் படியக்கூடும். பெண்களுக்குச் சிறுநீர்க் குழாயின் நீளம் குறைவு. ஆதலால் கிருமிகள் எளிதில் சிறுநீர்ப்பையை அடைகின்றன. இதை அறியாமல், கழிவறைக்குச் செல்லக் கூச்சப்பட்டு, மாலைவரை தண்ணீர் குடியாமலும் சிறுநீரை அடக்கியும் இருக்கும் தோழியர் நம்மில் எத்தனை பேர்!

மூலிகை என்றாலே தீங்கற்றது என எண்ணலாகாது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில், உடல் மெலிய மூலிகை மருந்து உண்ட பெண்கள் பலரின் சிறுநீரகங்கள் பழுதுற்றன. ஒரு மூலிகைக்குப் பதிலாக நச்சுள்ள வேறொன்று கலந்ததே காரணம். ஆகவே வைத்தியரைக் கேளாமல் எதையும் காய்ச்சிக் குடிக்காதீர்கள். காய்ச்சலோ, விலா வலியோ, சிறுநீரில் இரத்தமோ கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நெருஞ்சிலுக்கும் முந்திய மருந்து தண்ணீரே. அதைக் குடிக்கக் கூச்சம் எதற்கு, தோழியரே?