யந்திரத்தின் அனுமானம்

சட்டைப் பையில் அடங்கும் மலிவான டிஜிட்டல் காமிராவை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர், அதன் டயலை ‘ஆட்டோ’வில் நிறுத்தியதோடு சரி, மலையும் பூவும் ஓடுகிற மனிதனுமாகச் சித்திரித்திருக்கும் மற்றச் சின்னங்களைப் பஞ்சாங்கத்து ராசிச் சக்கரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

எந்தச் சின்னத்தில் வைத்தாலும் யந்திரம் முக்கியமாக நிர்ணயிப்பவை மூன்றே: ஷட்டர் திறந்திருக்கும் நேரம், லென்ஸ் துவாரத்தின் அகலம், ஐ.எஸ்.ஓ. என்கிற ஒளியுணர்வு. இவற்றுள் துவாரம் மலிவுக் காமிராக்கள் பலவற்றில் பெயரளவுக்குத்தான். அது சுருங்குவதற்குப் பதிலாக ஒளியை மட்டுப்படுத்தும் மங்கிய கண்ணாடி ஒன்று குறுக்கே வந்து நிற்கும். போதாக்குறைக்கு, பழைய பிலிம் சட்டத்தின் அகலம் 36 மில்லிமீட்டராயிருக்க, இதன் உணரி ஏறத்தாழ 6 மில்லிமீட்டரே. ஆகவே ‘போர்ட்ரெய்ட்’ முறையில் வைத்துவிட்டு, முகத்துக்குப் பின்னாலுள்ளவை குழைந்து மறையும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவார்.

காட்சியின் சராசரிப் பிரகாசம் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குச் சமானம் என்ற நம்பிக்கையில்தான் ஆட்டோ ஒளியை அளக்கிறது. அதனால் வெண்பனி அதற்குச் சாம்பலாகிவிடுகிறது. ‘ஸ்னோ’ முறை வேண்டுமென்றே சற்று அதிக ஒளியைக் கொடுத்து அந்தப் பிழையைத் திருத்துகிறது. (உப்பளத்துக்கும் சுண்ணாம்பு அடித்த சுவருக்கும் அது அப்படியே பொருந்தும்; பனியே காணாத ஊர்க்காரரும் அதை ஒதுக்க வேண்டியதில்லை.) வாணவேடிக்கை முறையோ ஷட்டரைச் சில விநாடிகள் திறந்து வைப்பதால், முக்காலியில்லாமல் பிரயோஜனப்படாது.

2007-ல் பானசோனிக் தன் லூமிக்ஸ் காமிராக்களில் ‘இன்டெலிஜென்ட் ஆட்டோ’வைக் கொண்டுவந்தது. முகமா, இயற்கைக் காட்சியா, இரவா என்று யந்திரமே இனங்கண்டு முறையைத் தேர்ந்துகொண்டது. மற்ற உற்பத்தியாளர்களும் பின்தொடர்ந்தார்கள். கெட்டிக்காரத்தனந்தான், ஆயினும் அதன் அனுமானம் பிசகும்போது நாம் குறுக்கிட அங்கே அதிக இடமில்லை.

என் பக்ஷபாதம் ‘பி’ என்னும் புரோகிராம் முறையிடம். ஷட்டரையும் துவாரத்தையும் யந்திரம் கவனித்துக்கொள்ள, பிளாஷும் ஐ.எஸ்.ஓ.வும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்வதந்திரமும் நம் கையில் இருக்கின்றன. பனி முறை செய்யும் வேலையைக்கூட இங்கே +1 என்று வைத்து நாமே செய்துவிடலாம். விளக்கொளியில் அமர்ந்திருக்கும் பாட்டியை எடுக்கும்போது ஆட்டோ பிளாஷை வீசி அவள் முகத்தை வெளிறச் செய்து, கூடத்தை இருளில் தள்ளிவிடும். ‘பி’யில் பிளாஷை அணைத்து, ஐ.எஸ்.ஓ.வை 400-ல் நிறுத்தி, தூணில் சாய்ந்து மூச்சை அடக்கி எடுத்தால், கன்னத்துச் சுருக்கங்களில் விளக்கொளி படிந்திருக்கிற விதமும் படத்தில் வந்துவிடும்.