எதிராளியின் பம்பரத்தைப் பார்த்தாயா?

பள்ளி விடுமுறையில் கோலா கெடாவில் எங்கள் வீட்டு வரவேற்பறையே போர்க்களமானது. ஐந்தாம் ஆண்டில் படிக்கும் தம்பி, பக்கத்து வீட்டு நண்பனோடு பேபிளேட் ஆடினான். தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் தோற்றதும், "இனிமேல் இதைத் தொடவே மாட்டேன்" என்று பெட்டியை மூடிவிட்டான்.

தாத்தா சிரித்தார். சுங்கைப்பட்டாணி பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். கொய்யாக் கட்டையில் தானே பம்பரம் செதுக்கி ஆடியவர். "அவன் எதை வச்சிருக்கான்னு பார்த்தியாடா?" என்று கேட்டார். தம்பி விழித்தான்.

மாணவர்களே, வியூகம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. பேபிளேட்டில் தாக்குதல், தற்காப்பு, நிலைப்பு, சமநிலை என நான்கு வகைகள் உண்டு. தாக்குதல் வகையின் அடிமுனை பெரும்பாலும் தட்டையானது. தரையைப் பற்றிக்கொண்டு பாய்ந்து மோதும். அதே உராய்வால் சீக்கிரம் களைத்தும் போகும். நிலைப்பு வகையின் முனை கூர்மையானது. உராய்வு குறைவு என்பதால் நெடுநேரம் சுற்றும். பொதுவாகத் தாக்குதல் நிலைப்பை வெல்லும். நிலைப்பு தற்காப்பை வெல்லும். தற்காப்பு தாக்குதலை வெல்லும். சமநிலை எல்லாவற்றிலும் கொஞ்சம் கலந்தது.

இது புதிய கணக்கல்ல. மலாய்க்காரர்களின் காசிங்கிலும் எதிராளியின் பம்பரத்தை அடித்து வீழ்த்துவது 'பங்கா'. நெடுநேரம் சுற்றவிடுவது 'உரி'. கிளந்தானின் உரி பம்பரங்கள் ஐந்து கிலோ வரை இருக்கும். எடையை விளிம்பில் கூட்ட ஈயம் சேர்ப்பார்கள். எடை மையத்தைவிட்டு விலக விலக, சுழற்சி எளிதில் நிற்காது. தமிழ்நாட்டிலோ, வட்டத்துக்குள் இருக்கும் பம்பரத்தை ஆணியால் குத்துவார்கள். குத்து விழுந்த தழும்புக்கு 'ஆக்கர்' என்று பெயர்.

தம்பி பெட்டியைத் திறந்தான். நண்பனிடம் இருந்தது தற்காப்பு வகை. ஐந்து முறையும் தம்பி தாக்குதல் வகையையே விட்டிருக்கிறான்! இம்முறை நிலைப்பு வகையை எடுத்தான். பேபிளேட் எக்ஸ் விதிப்படி, கடைசிவரை சுற்றி வென்றால் 1 புள்ளிதான். எதிரியைத் தூக்கியெறிந்தால் 2 அல்லது 3 கிடைக்கும். முதலில் 4 புள்ளி எடுப்பவரே வெற்றியாளர். தம்பி அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாக நான்கு புள்ளிகள் சேர்த்தான்.

அடுத்த ஆட்டத்துக்கு நண்பன் தாக்குதல் வகையை எடுத்தான். தம்பி இப்போது பம்பரத்தை விடவில்லை. நண்பனின் கையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.