டிவி ஸ்டிக்: எப்போது மாற்றலாம்?

2025 மார்ச் 9 அன்று, டிவியில் செருகும், 2015இல் விற்பனைக்கு வந்த கூகுளின் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் கருவிகள் உலகெங்கும் முடங்கின. சிப்பில் பழுதில்லை, வயரிலும் பழுதில்லை. கருவி அசல்தான் என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் சான்றிதழ் ஒன்றின் பத்தாண்டு ஆயுள் அன்று முடிந்திருந்தது, அவ்வளவுதான். சில நாட்களில் கூகுள் மென்பொருள் திருத்தம் அனுப்பியதும் அவை மீண்டும் ஓடின. அவசரப்பட்டு ரீசெட் செய்தவர்கள்தான் கூடுதலாகச் சிரமப்பட்டார்கள்.

டிவியில் செருகும் ஸ்டிக் மெதுவானாலும் நம் வீட்டில் இதே அவசரம்தான்: 'பழசாகிவிட்டது, புதிது வாங்கு.' பல வீடுகளில் குற்றம் ஸ்டிக்கில் இல்லை.

பெரும்பாலான ஸ்டிக்குகளின் சேமிப்பிடம் வெறும் 8 ஜிபி. அதில் இயங்குதளமே பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். ஃபிளாஷ் நினைவகத்தில் பழையதன்மேல் அப்படியே எழுத முடியாது. ஒரு பகுதியை முழுதாக அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். காலியிடம் குறையக் குறைய இந்த வேலை கூடி, மெனு திறக்கவே நேரம் பிடிக்கும். பயன்படுத்தாத ஆப்களை நீக்கிப் பாருங்கள். அடிக்கடி தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா? டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் எடுக்கிறீர்களா என்று கவனியுங்கள். யுஎஸ்பி 2.0 தரத்தின்படி அது தருவது 2.5 வாட், ஸ்டிக்கோடு வரும் அடாப்டர் பொதுவாக 5 வாட் அல்லது அதற்கு மேல் தரும்.

அடுத்தது, கடைக்காரர் முதலில் சொல்லும் 4கே, அதாவது ஃபுல் எச்டியைவிட அதிகப் புள்ளிகள் கொண்ட படம். நல்ல பார்வையுள்ள கண் பிரித்தறியக்கூடிய மிகச்சிறிய கோணம் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 43 அங்குல டிவியின் அகலம் சுமார் 95 செ.மீ. ஃபுல் எச்டி படத்தில் அந்த அகலத்தை 1,920 புள்ளிகள் நிரப்புகின்றன. ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர். கணக்குப் போட்டால், 1.7 மீட்டருக்கு, அதாவது ஐந்தரை அடிக்கு அப்பால் உட்கார்ந்தால் கண்ணால் அந்தப் புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க முடியாது. 55 அங்குலத்துக்கு இந்தத் தூரம் சுமார் ஏழடி. சோபா பத்தடி தள்ளி இருக்கும் ஹாலில் 4கே தரும் கூடுதல் கூர்மை கண்ணை எட்டுவதே இல்லை. எச்டிஆர் அப்படியல்ல. வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாட்டை அது கூட்டிக் காட்டுவதால் எத்தனை அடி தள்ளி உட்கார்ந்தாலும் தெரியும். ஆனால் அதைக் காட்டும் திறன் டிவியின் திரைக்கு இருக்க வேண்டும். ஸ்டிக் மட்டும் போதாது.

ஸ்டிக்கை மாற்ற உண்மையான காரணம் ஒன்று உண்டு: டிகோடர். ஃபுல் எச்டி படத்தை நொடிக்கு 24 சட்டகங்கள் என்று சுருக்காமல் அனுப்பினால் நொடிக்கு சுமார் 120 கோடி பிட் ஓடும். ஃபுல் எச்டிக்கு நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கும் இணைய வேகமோ 5 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 50 லட்சம் பிட். இருநூறு மடங்குக்கு மேல் சுருங்கி வருவதை விரிப்பது சிப்புக்குள் இருக்கும் டிகோடர். 2003இன் எச்.264, 2013இன் எச்.265, 2018இன் ஏவி1 என ஒவ்வொரு புதிய சுருக்கும் முறையும் அதே தரத்தைக் குறைந்த டேட்டாவில் தருகிறது. யூடியூப் ஏவி1-ஐப் பயன்படுத்துகிறது. நெட்ஃபிளிக்ஸ் 2021 முதல் டிவிகளுக்கும் அதில் அனுப்புகிறது. சிப்பில் பொறிக்கப்படாத டிகோடரை எந்த அப்டேட்டும் கொண்டுவந்து சேர்க்காது. பெட்டியின் மேல் எழுதியிருக்கும் பெரிய எண்ணும் இதைச் சொல்லாது: கூகுள் 2020இல் விற்ற 4கே குரோம்காஸ்டில் ஏவி1 இல்லை, 2022இல் வந்த மலிவான எச்டி குரோம்காஸ்டில் இருந்தது.

ஏவி1 இல்லாத கருவிக்குப் பழைய முறையிலேயே படம் வந்துகொண்டிருக்கும். டேட்டாதான் அதிகம் செலவாகும். அளவில்லா பிராட்பேண்ட் உள்ள வீட்டுக்கு இது பொருட்டல்ல. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் படம் பார்க்கும் வீட்டுக்குப் புதிய ஸ்டிக் பயன் தரும்.

பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டாலோ, நீங்கள் பார்க்கும் ஆப் இனி இந்தக் கருவியில் இயங்காது என்று அறிவித்தாலோ, தயங்காமல் மாற்றுங்கள். அப்போதும் பெயர் தெரியாத மலிவு ஆண்ட்ராய்டு பெட்டிகள் பக்கம் போக வேண்டாம். தயாரிப்பிலேயே தீய மென்பொருள் ஏற்றப்பட்டு வரும் இத்தகைய பெட்டிகளைப் பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் பொதுமக்களை எச்சரித்தது. பழைய ஸ்டிக்கைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.