சிறகால் பாடும் சிறுபறவை

குயிலின் கூவல் அதன் தொண்டையினின்று எழுவதை நாம் அறிவோம். கொலம்பியா, ஈக்குவடார் நாடுகளில் ஆண்டீஸ் மலைச்சரிவுக் காடுகளிலோ, சிறகினாலேயே பாடும் மனாக்கின் பறவை ஒன்று உண்டு. பெட்டையைக் கவர்வதற்காக ஆண் பறவை இறக்கைகளை முதுகின்மேல் உயர்த்தி, நொடிக்கு நூறு தடவைக்கு மேல் ஒன்றோடொன்று மோதுகிறது. அப்போது ஓர் இறகின் வளைந்த நுனி அடுத்த இறகின் வரிமேடுகளை உராய, வயலின் நாதம் போன்ற ஒலி பிறக்கிறது. சுவர்க்கோழி செய்யும் வித்தையைப் பறவை செய்வது விந்தையன்றோ! இவ்விறகுகளின் வடிவை டார்வின் 1871-இலேயே எடுத்துக்காட்டினார். அவை இசைக்கும் முறை 2005-இல்தான் விளங்கிற்று.

இவ்விசைக்கு விலையும் உண்டு. பறவைகளின் இறக்கை எலும்பு பொதுவாக உட்குழிவானது. இந்த ஆண் பறவைக்கோ அது திண்மையானது, கனமானது. நாம் எதிர்பாராதது யாதெனில், சிறகால் ஒருபோதும் பாடாத பெட்டையின் எலும்பும் ஓரளவு அவ்வாறே பருத்திருக்கிறது.