எமனிடம் ஒரு வாய்தா!

பத்திரிகைக் கதைகளைப் படித்துப் படித்துப் பிள்ளை கெட்டுப் போகிறான் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் குறைப்பட்டுக் கொள்வதுண்டு அல்லவா? அமெரிக்காவில் ஒரு பையன் கதை படித்ததால் என்ன விளைந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

1931-ஆம் வருஷம். ராபர்ட் எட்டிங்கருக்கு அப்போது பன்னிரண்டு வயது. 'அமேஸிங் ஸ்டோரீஸ்' என்ற பத்திரிகையில் ஒரு கதை வந்திருந்தது. அதில் வரும் பேராசிரியர், தாம் இறந்த பிறகு உடல் கெடக் கூடாது என்பதற்காக அதை ஆகாயத்தில் சுற்ற விடும்படி ஏற்பாடு செய்கிறார். பல கோடி வருஷங்களுக்குப் பிறகு, இயந்திர உடல் படைத்த வேற்றுலக வாசிகள் அதைக் கண்டெடுத்து, மூளைக்கு மீண்டும் உயிர் கொடுக்கிறார்கள்!

கதையைப் படித்து முடித்த பையனுக்குத் தூக்கம் போய்விட்டது. "இதற்கு வேற்றுலகவாசிகள் எதற்கு? நம் டாக்டர்களே ஒரு நாள் இதைச் செய்யலாமே!" என்று தோன்றிவிட்டது அவனுக்கு.

பையன் வளர்ந்தான், பட்டாளத்தில் சேர்ந்தான். இரண்டாவது உலக யுத்தத்தில் ஜெர்மனியில் காலில் பலத்த காயம் பட்டது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் வருஷக்கணக்காகக் கிடந்தான். எலும்பை எடுத்து எலும்போடு ஒட்டும் புது வைத்தியந்தான் அவன் காலைக் காப்பாற்றியது. நேற்று வெட்டி எறிந்திருப்பார்கள். இன்று ஒட்டி விட்டார்கள். அப்படியானால் நாளை?

பிற்பாடு மிச்சிகன் ராஜ்யத்தில் பௌதிக ஆசிரியராக வேலை பார்த்த எட்டிங்கர், 1962-ல் சொந்தச் செலவில் ஒரு புத்தகம் போட்டார். 1964-ல் அதைப் பெரிய பதிப்பகம் ஒன்று வெளியிட்டது. அவர் சொன்ன வாதம் ரொம்பச் சுலபம். 'செத்துப் போனார்' என்றால் என்ன அர்த்தம்? இன்றைய டாக்டர் கையை விரித்து விட்டார் என்று அர்த்தம். நாளைய டாக்டரும் விரிப்பார் என்று யார் சொன்னது? ஆகையால் அவர் வரும் வரையில் உடலைக் கடுங்குளிரில் வைத்துக் காப்பாற்றுவோம். கோர்ட்டில் வக்கீல் வாய்தா வாங்குகிற மாதிரி, எமதர்மராஜன் சபையிலும் ஒரு வாய்தா!

தக்காளி சொல்லும் பாடம்

உங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருக்கும். அதன் ஐஸ் அறையில் ஒரு தக்காளியை ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். காலையில் கல்லாக இருக்கும். வெளியே எடுத்து வைத்தால் சற்று நேரத்தில் கூழாகிவிடும். காரணம், அதனுள் இருக்கும் நீர் ஐஸ் ஊசிகளாக மாறித் திசுக்களைக் குத்திக் கிழித்து விடுகிறது. மனித உடலும் பெரும்பாலும் தண்ணீர்தானே! தக்காளிக்கு நேருவது நமக்கும் நேரும்.

இதைத் தடுக்கத்தான் இவர்கள் பெரும்பாடு படுகிறார்கள். சட்டப்படி மரணம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த அடுத்த நிமிஷமே வேலை தொடங்குகிறது. உடலை ஐஸில் கிடத்தி, ரத்தம் உறையாமல் மருந்து செலுத்தி, இயந்திரத்தால் ரத்தத்தை ஓட விடுகிறார்கள். பிறகு ரத்தத்தை வெளியேற்றிவிட்டு, ஐஸ் கட்டாத ஒரு ரசாயனத் திரவத்தை நிரப்புகிறார்கள். அது ஊசி ஊசியாக உறையாமல் கண்ணாடி போல இறுகும் என்பது நம்பிக்கை. கடைசியில் பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிரில், திரவ நைட்ரஜனுக்குள் இறக்கி விடுகிறார்கள்.

அந்தப் பாத்திரம் நம் வீட்டுக் காப்பி ஃப்ளாஸ்க்கின் மூத்த அண்ணன் என்று வைத்துக் கொள்ளுங்கள். மின்சாரம் வேண்டாம். நைட்ரஜன் ஆவியாகிக் குறையக் குறைய, மேலே ஊற்றிக் கொண்டே இருந்தால் போதும். அரிசோனா ராஜ்யத்தில் 'ஆல்கார்' என்ற நிறுவனம் இருக்கிறது. அங்கே உடல்களைத் தலைகீழாக நிறுத்துகிறார்கள். என்றைக்காவது நைட்ரஜன் குறைந்து போனாலும், தலை கடைசியில்தான் வெளியே தெரியுமாம்!

முதல் யாத்திரிகர்

1967-ஆம் வருஷம் ஜனவரி 12-ந் தேதி, கலிபோர்னியாவில் ஜேம்ஸ் பெட்ஃபோர்ட் என்ற மனோதத்துவப் பேராசிரியர் புற்றுநோயால் காலமானார். வயது 73. அவர்தான் இப்படி உறைய வைக்கப்பட்ட முதல் மனிதர்.

அவர் நிம்மதியாக உறங்கப் போய்விட்டார். வீட்டாருக்குத்தான் தூக்கம் போயிற்று! உறவினர்கள் வழக்குத் தொடுத்தார்கள். பாத்திரத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. அவர் மனைவியும் மகனும் சளைக்கவில்லை. ஒரு சமயம் சில வருஷங்கள் குடும்பத்தாரே பொறுப்பேற்று அவரைப் பாதுகாத்தார்கள். கணவருக்குத் திதி கொடுப்பதற்குப் பதிலாக நைட்ரஜன் கொடுத்து வந்த அந்த அம்மாளை எண்ணிப் பாருங்கள். அவர்கள் பிடிவாதத்தால்தான் அந்த உடல் இன்றைக்கும் ஆல்காரில் இருக்கிறது.

எல்லாருக்கும் அப்படிப்பட்ட மனைவி மக்கள் வாய்க்கவில்லை. அதே கலிபோர்னியாவில், சாட்ஸ்வொர்த் என்ற இடத்து மயானத்தில் நிலவறை அமைத்து, ஒரு சங்கத்தார் சிலரை வைத்திருந்தார்கள். சங்கத் தலைவர் தொலைக்காட்சிப் பெட்டி பழுது பார்ப்பவர். ஆசையில் குறைவில்லை, காசில்தான் குறைவு. சில குடும்பங்கள் பணம் அனுப்புவதை நிறுத்தின. இயந்திரம் பழுதாயிற்று. அவர் வெளியே சொல்லவில்லை. 1979-ல் நிலவறையைத் திறந்து பார்த்தபோது, ஒன்பது உடல்கள் கெட்டுப் போயிருந்தன. அவற்றில் ஒரு சிறுமியுடையதும் இருந்தது. 'நம்மவர் பத்திரமாக இருக்கிறார்' என்று அதுவரை நம்பியிருந்தவர்கள் இரண்டாம் தடவை துக்கம் காத்தார்கள்.

ஒரே கூரையின் கீழ்

எட்டிங்கர் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? 1976-ல் அவர் மிச்சிகனில் 'கிரையானிக்ஸ் இன்ஸ்டிட்யூட்' என்ற நிலையத்தைத் தொடங்கினார். அங்கே 1977-ல் முதன் முதலாக உறைய வைக்கப்பட்டவர் அவரைப் பெற்ற தாயார். 1987-ல் முதல் மனைவி. 2000-ல் இரண்டாவது மனைவி. 2011-ல், தமது 92-ஆம் வயதில், அவரும் போய்ச் சேர்ந்தார். மாமியாரும் இரண்டு மருமகள்களும் ஒரே கூரையின் கீழ்! நால்வரும் ஒரே நாளில் கண் விழித்தால் அவர் பாடு என்னாகும் என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது.

இந்த இரண்டு நிலையங்களிலுமாக இன்று நானூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். மிச்சிகனில் கட்டணம் 28,000 டாலர். அரிசோனாவில் முழு உடலுக்கு இரண்டு லட்சம் டாலருக்கும் மேல். தலையை மட்டும் வைப்பதென்றால் கட்டணம் குறைவு! பெரும்பாலோர் ஆயுள் இன்ஷூரன்ஸ் எடுத்து இந்தச் செலவைச் சமாளிக்கிறார்கள்.

மூப்பையும் சாவையும் விஞ்ஞானத்தால் வெல்லலாம் என்ற இந்தக் கொள்கைக்கு 'டிரான்ஸ்ஹியூமனிஸம்' என்று பெயர். 1957-ல் ஜூலியன் ஹக்ஸ்லி என்ற விஞ்ஞானி அந்தத் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். ஈரானியத் தூதர் ஒருவரின் மகனான எஸ்ஃபாண்டியாரி, இந்தக் கொள்கையின் பிரசாரகர். 2030-ல் தமக்கு நூறு வயது ஆகும், அதைக் கொண்டாடியே தீருவேன் என்று தம் பெயரையே 'எஃப்.எம்.-2030' என்று மாற்றிக் கொண்டார்! 2000-ஆம் வருஷத்தில், 69-ஆம் வயதில், கணையப் புற்றுநோய் அவரைக் கொண்டு போயிற்று. அவரும் ஆல்காரில் காத்திருக்கிறார்.

இது நடக்குமா?

இதுவரை அப்படி எழுந்தவர் ஒருவரும் இல்லை. மனிதர் கிடக்கட்டும், ஒரு எலியைக் கூட இந்தக் குளிரிலிருந்து உயிரோடு எழுப்பியதில்லை. பெரும்பாலான விஞ்ஞானிகள் தலையை ஆட்டுகிறார்கள்.

ஆனால் முழுப் புளுகென்று தள்ளவும் முடியவில்லை. அலாஸ்காவில் ஒரு வகைத் தவளை குளிர்காலத்தில் இதயத் துடிப்பு நின்று உறைந்து கிடக்கிறது. வசந்தம் வந்ததும் தத்திக் குதித்துப் போகிறது. உறைய வைத்த கருவிலிருந்து 1984-ல் ஆஸ்திரேலியாவில் குழந்தை பிறந்தது. இன்று உலகமெங்கும் அப்படிப் பிறக்கின்றன. 2023-ல் மின்னசோட்டா சர்வகலாசாலையில், நூறு நாள் வரை உறைய வைத்த எலியின் சிறுநீரகத்தை வேறு எலிக்குப் பொருத்தி வேலை செய்ய வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு சிறுநீரகம் எங்கே, நினைவும் பாசமும் குடியிருக்கும் மூளை எங்கே!

ஒரு தாயும் ஒரு மகளும்

கடைசியாக ஒன்று. இங்கிலாந்தில், 2016-ல், பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி புற்றுநோயால் படுத்திருந்தாள். தன்னை உறைய வைக்க வேண்டும் என்று நீதிபதிக்குக் கடிதம் எழுதினாள். தாயார் சம்மதித்தாள். தாயைப் பெற்றவர்கள் பணம் திரட்டினார்கள். பிரிந்து வாழ்ந்த தகப்பனார் ஆட்சேபித்தார். அவரும் புற்றுநோய்க்காரர்தான். "இருநூறு வருஷம் கழித்து எழுந்தாலும், உற்றார் உறவினர் இல்லாத அந்நிய தேசத்தில் குழந்தை தன்னந்தனியாக என்ன செய்வாள்?" என்பது அவர் கவலை.

நீதிபதி ஆஸ்பத்திரிக்கே போய் அந்தப் பெண்ணைப் பார்த்தார். இந்த முறை சரியா தவறா என்பதில் அவர் தலையிடவில்லை. ஏற்பாடுகளைச் செய்யும் உரிமை தாயாருக்கே என்று தீர்ப்பளித்தார். அந்தச் செய்தியைக் கேட்ட பிறகுதான், அக்டோபர் 17-ந் தேதி, பெண் கண் மூடினாள். எட்டிங்கரின் நிலையத்தில் இப்போது அவளும் இருக்கிறாள்.

அந்தக் குழந்தை எழுந்திருப்பாளோ, மாட்டாளோ! ஒன்று மட்டும் நிச்சயம். அவள் உறக்கம் கலையாமலிருக்க வேண்டுமானால், இன்றும், அவள் தாயாரின் காலத்துக்குப் பிறகும், முன்பின் தெரியாத யாரோ ஒருவர் மறக்காமல் நைட்ரஜன் ஊற்ற வேண்டும். அவருக்குப் பின் இன்னொருவர். சிரஞ்சீவியாக ஆசைப்படுகிறவருக்கும் நாளைக்குச் சாகப் போகிற மனிதர்களின் தயவு இல்லாமல் முடியவில்லை, பாருங்கள்!

தகப்பனார் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், போய் வருகிறேன் என்று சொல்லிக் கொண்டு போக ஆசைப்பட்ட குழந்தையிடம், வர மாட்டாய் என்று எந்தத் தாய்க்குச் சொல்ல மனம் வரும்? நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?